பதில்: ரிசர்வ் செய்த சீட்டில் ராணுவத் தம்பிக்கு இடமில்லை

சகோதரி, ராணுவத்தில் இருக்கும் உங்கள் தம்பிக்கு ரயிலில் பெர்த் உறுதியாகியிருந்தும், அதில் மற்றவர்கள் இடம் தராமல் டெல்லியிலிருந்து சென்னை வரை டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து வந்தார் என்று படித்ததும் வயிறு எரிந்தது. என் அண்ணனும் ராணுவம்தான். பெயரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில் எழுதிய அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாலே சிலர், "மிலிட்டரிக்காரர்தானே, அட்ஜஸ்ட் பண்ணுவார்" என்று காலை நீட்டிவிடுகிறார்கள்.

டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) கைவிரித்தால் வாக்குவாதம் வேண்டாம். உடனே ரயில்வே உதவி எண் 139-க்கு அழைக்கலாம், அல்லது ரயில்வேயின் புகார் செயலியான ரயில்மதத்தில் பிஎன்ஆர், கோச், பெர்த் எண் போட்டுப் புகார் பதியலாம். புகார் எண் கையில் இருந்தால் பேச்சே மாறும். பயணம் முடிந்துவிட்டாலும் எழுதுங்கள்.

அடுத்த லீவுக்கு வெயிட்டிங் லிஸ்ட்டோடு கிளம்ப வேண்டாம். ராணுவத்துக்குத் தனி கோட்டா இருக்கிறது. புதுடெல்லி, சென்னை சென்ட்ரல் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் ராணுவத்தினரின் பயணங்களைக் கவனிக்கும் எம்சிஓ அலுவலகம் உண்டு. அடையாள அட்டை, லீவு சர்டிபிகேட்டோடு முன்கூட்டியே போய்க் கேட்கட்டும். ராணுவம் பயண வாரண்ட் (டிக்கெட் வாங்கத் தரும் அனுமதிச் சீட்டு) கொடுத்திருந்தால் அதை டிக்கெட்டாக மாற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். வெறும் வாரண்ட்டோடு ஏறினால் சண்டையில் அவர் பக்கம்தான் தப்பாகிவிடும்.