90 சதவீதம் என்றால் எதில் 90?

வீட்டுக் கடன், பத்திரம், பட்டா பற்றிக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோத்தகிரி வாசகி: பழைய வீடு ஒன்றை 32 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். 90 சதவீதம் கடன் கிடைக்கும் என்று வங்கியில் சொன்னார்கள். இப்போது 23 லட்சத்துச் சொச்சம்தான் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை, ஆனால் முதல் நாளே விளக்கிச் சொல்லியிருக்கலாம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. அந்த 90 நீங்கள் பேசிய விலையில் அல்ல. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து ஒரு தொகை எழுதுவார், அதுவும் பேசிய விலையும் வேறுபட்டால் பெரும்பாலும் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டுக்கு அவர் 26 லட்சம் போட்டிருப்பார் போல, அதில் 90 சதவீதம் 23.4 லட்சம். மலையில் இது அடிக்கடி நடக்கிறது. கட்டடம் பழசு, பின்னால் தகரம் போட்டு இழுத்த அறைக்கு வரைபட அனுமதி இருக்காது, அனுமதி இல்லாத பகுதிக்கு அவர் மதிப்புப் போட மாட்டார். ரோட்டிலிருந்து படியிறங்கிப் போகிற வீடு என்றால் இன்னும் கொஞ்சம் குறைப்பார்.

அப்புறம் பத்திரச் செலவு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 32 லட்சத்துக்கு 2.88 லட்சம், இதற்குக் கடன் கிடையாது. பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதக் குறைப்பு 2025 ஏப்ரலில் வந்தது, ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான், உங்களுக்கு உதவாது. வீட்டு விலையில் கடன் போக மீதி 8.6 லட்சத்தையும் சேர்த்தால் கையில் கிட்டத்தட்ட பதினொன்றரை லட்சம் வேண்டும். அது இல்லாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், கடன் குறைந்தால் பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் வரி இருக்கிறதா பாருங்கள்.

தவணை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 23.4 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 20,300 ரூபாய். முதல் மாதம் அதில் 16,575 வட்டிக்கே போய்விடும். மாறும் வட்டிக் கடன் என்றால் இடையில் எவ்வளவு வேண்டுமானாலும் அசலில் கட்டலாம், அதற்கு அபராதம் போடக்கூடாது. ஆரம்ப வருஷங்களில் கட்டும் கூடுதல் பணத்துக்குத்தான் பலன் அதிகம்.

குன்னூர் வாசகர்: வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது. பட்டா மட்டும் கூட்டுப் பட்டா. தைரியமாக வாங்கலாமா?

தைரியம் வேண்டாம், விசாரணை வேண்டும். வில்லங்கத்தில் பதிவு அலுவலகத்தில் பதிந்தது மட்டும்தான் தெரியும். பதியாத உயில், வீட்டுக்குள் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினை எதுவும் வராது, நீதிமன்றத்தில் வழக்கு ஓடினாலும் பல நேரம் வராது. கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பி, சித்தப்பா பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும், விற்பவருடைய பங்கு எந்த மூலையில் என்று காகிதம் சொல்லாது. முதலில் நில அளவரை வைத்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால், கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு (இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி). அவர்கள் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 'தங்கச்சி எல்லாம் கேட்க மாட்டா' என்று விற்பவர் சொன்னால், அந்தத் தங்கையையே ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூடலூர் வாசகர்: வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு இருக்கிறது, பட்டா இல்லை. கடன் கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரி ரசீது உரிமை ஆவணம் இல்லை. அதோடு உங்கள் பக்கம் ஜென்ம நிலப் பிரச்சினை வேறு: முன்பு ஜென்மிகள் என்ற பெருநிலக்காரர்களிடம் இருந்த நிலம், அந்த உரிமையை ஒழித்த 1969ஆம் வருஷச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்கள் யாருக்கு என்று நீண்ட தகராறு. அந்த இடத்தைக் காட்டிக் கடன் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

ஊட்டி வாசகர்: 5 லட்சம் கொடுத்து மூன்று வருஷத்துக்குப் போக்கியமாக வீடு எடுத்தேன். ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதியதோடு சரி. இப்போது வங்கிக்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் பணம்?

வருத்தமான கேள்வி. போக்கியமும் சட்டப்படி அடமானம்தான், 100 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் பதியவில்லை. வீட்டுக்காரர் அதற்கு முன்பே மூலப்பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார் என்றால் வங்கிதான் முந்தி. ஒட்டியிருப்பது 2002ஆம் வருஷ சர்ஃபாசி சட்டத்தின் (வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சட்டம்) கேட்பு நோட்டீஸ், அதாவது கடனைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் என்றால் வீட்டுக்காரருக்கு 60 நாள் அவகாசம். அது முடிந்தால் வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம்.

அந்த நாட்களுக்குள் செய்ய வேண்டியது: நீங்கள் குடியிருப்பதையும் கொடுத்த தொகையையும் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். வீட்டுக்காரரை உட்கார வைத்து, வங்கியின் எழுத்துச் சம்மதத்தோடு வீட்டைத் தானே விற்றுக் கடனை அடைக்கப் பேசுங்கள், ஏலத்தில் போவதைவிட விலை நன்றாக வரும், உங்கள் பணமும் அதிலிருந்து கழியலாம். வங்கி சுவாதீனம் எடுத்தால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனு போடலாம், கோயம்புத்தூரில் ஒன்று இருக்கிறது. ஆனால் பதியாத ஒப்பந்தத்தோடு போகிறீர்கள், அங்கே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக்காரர் மேல் பணத்துக்காகத் தனியாக சிவில் வழக்குப் போட முடியும். 5 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தீர்களா, கணக்கு வழியாகவா என்று கடிதத்தில் எழுதவில்லை. கணக்கு வழி என்றால் அந்த வங்கி அறிக்கையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.