பறவையை விரட்டாதீர்கள்

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் உங்கள் ஃபெய்ஜோவா மரம் (கொய்யாக் குடும்பத்துப் பழமரம்) மூன்று வருடமாகப் பூத்தும் காய்க்கவில்லை, பறவைகள் இதழைக் கொத்துவதால் வலை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வலை வேண்டவே வேண்டாம். அந்தத் தடித்த, இனிப்பான இதழ்களைத் தின்ன வரும் பறவைகள்தான் தலையிலும் மார்பிலும் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகின்றன. (இதழ் ஒன்றைப் பிய்த்து நீங்களும் தின்று பாருங்கள்.)

சிக்கல் வேறு. பெரும்பாலான ஃபெய்ஜோவா மரங்கள் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதில்லை. ஒற்றை மரம்தானே வைத்திருக்கிறீர்கள்? பக்கத்தில் இன்னொன்று நடுங்கள். அதே மரத்தின் பதியன் உதவாது, விதையில் வளர்ந்த கன்றோ வேறு ரகமோ வேண்டும். அதுவரை, வசந்தத்தில் பூக்கும்போது தெரிந்தவர் வீட்டு மரத்திலிருந்து பூ வாங்கி, அதன் சிவப்புக் கேசரங்களை உங்கள் பூவின் சூல்முடியில் தடவிவிடுங்கள்.

அப்புறம், இது தென் பிரேசில் மாநிலங்களான ரியோ கிராண்டி டோ சுல், சாண்டா கத்தரீனா மேட்டுநிலத்துக் குளிரில் வளரும் செடி. அங்கே பெயரே மலைக் கொய்யாதான். குளிர்காலம் அவ்வளவாகக் குளிராமல் கழிந்த வருடம் பூ குறைந்தால் பயப்படாதீர்கள்.