ரிமோட் சுவிட்ச்: பத்து ஆம்பியர் என்று போட்டிருந்ததே!

கேள்வி: ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டாருக்கு ஆன்லைனில் ரிமோட் போர்டு வாங்கினேன். ‘மோட்டாருக்கு ஏற்றது, 10 ஆம்பியர்’ என்று விளம்பரம். இரண்டு வாரத்தில் ஆஃப் அழுத்தியும் மோட்டார் நிற்கவில்லை. விடிய விடிய ஓடித் தொட்டி வழிந்தது. விற்றவர், ‘உங்கள் மோட்டாரில்தான் கோளாறு’ என்கிறார்.
- தேனி வாசகர்

பதில்: நல்ல கதை! போர்டில் மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் அந்த நீல நிற ரிலேயின் (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) முதுகில் ‘10 ஆம்பியர்’ என்று பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரி சாதுவான சுமைக்குப் போட்ட கணக்கு. ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு கேட்கும். அப்போது ரிலேயின் உள்ளே காண்டாக்டில், அதாவது ஒன்றையொன்று தொட்டுக் கரண்டை விடும் இரண்டு உலோக முனைகளில், பொறி பறக்கும், உலோகம் உருகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ரிமோட்டை எத்தனை அழுத்து அழுத்தினாலும் பிரியாது. ரிலே செய்த கம்பெனியின் தகவல் தாளில் மோட்டார் சுமைக்குக் குறைந்த அளவுதான் கொடுத்திருப்பார்கள். போர்டு விற்பவர் அந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்.

சரியான வழி: ரிமோட் போர்டு காண்டாக்டரின் (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலே) காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டார் கரண்ட் காண்டாக்டர் வழியாகப் போகட்டும். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைக் கழற்றாதீர்கள்.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை உடனே எடுத்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

கேள்வி: ரிமோட் சுவிட்ச் போட்டால் கரண்ட் பில் குறையுமா?
- தாம்பரம் வாசகி

பதில்: குறையாது. சிக்னலுக்காகக் காத்திருக்கும் போர்டும் நாள் முழுக்கக் கொஞ்சம் குடிக்கும்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்கு 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மாட்யூல் ஜோடி (டிரான்ஸ்மிட்டர், ரிசீவர்) வாங்கினேன். ரிமோட்டைத் தொடாதபோதும் ரிசீவர் வெளியீடு துடித்துக்கொண்டே இருக்கிறது. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.
- மதுரை மாணவர்

பதில்: கடைக்காரர் சொல்வது சரி தம்பி. சிக்னல் இல்லாத நேரத்தில் அந்த ரிசீவர் காற்றில் இருக்கும் இரைச்சலையெல்லாம் பெருக்கிக் காட்டும். அதை வடிகட்டத்தான் எச்டி12இ (HT12E), எச்டி12டி (HT12D) என்ற ஜோடி சிப். ரிமோட் பக்கம் முதலாவது, அது முகவரி என்ற அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பும். ரிசீவர் பக்கம் இரண்டாவது, அது முகவரியைச் சரிபார்க்கும். ஐந்து வோல்ட்டில் முதலாவதற்கு 1 மெகாஓம், இரண்டாவதற்கு 51 கிலோஓம் ஆசிலேட்டர் ரெசிஸ்டர் (சிப்பின் வேகத்தை நிர்ணயிப்பது) போடு. இரண்டிலும் எட்டு முகவரிக் கால்களையும் ஒரே மாதிரி இணை. முகவரி பொருந்தினால்தான் இரண்டாவது சிப்பில் விடி (VT) என்ற காலின் வோல்டேஜ் உயரும். அங்கே ஒரு எல்.இ.டி. வைத்துப் பார், ரிசீவர் துடிப்பதைக் கண்டுகொள்ளாதே. ரிலேயைச் சிப்பில் நேராக மாட்டாமல் யுஎல்என்2003 (ULN2003) என்ற டிரைவர் சிப் வழியாக ஓட்டு. இரு மாட்யூலிலும் 17 செ.மீ. ஒயர் ஆன்டெனாவாகப் போதும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் ரிமோட்டை அழுத்தினால் எங்கள் ஹால் விளக்கு எரிகிறது!
- சேலம் வாசகி

பதில்: இரண்டு பேரும் ஒரே கடையில் வாங்கியிருப்பீர்கள். மேலே மதுரைத் தம்பிக்குச் சொன்ன எட்டுக் கால் முகவரியில் மொத்தமே 256 விதம்தான். அதையும் மாற்றாமல் அப்படியே விற்பார்கள். ரிமோட்டிலும் போர்டிலும் முகவரியை அமைக்கும் ஜம்பரை (சின்ன இணைப்புத் துண்டு) ஒரே மாதிரி மாற்றச் சொல்லுங்கள். விளக்குக்கு இது போதும். வாசல் கேட்டுக்கு ஒவ்வொரு அழுத்தலிலும் ரகசியக் குறியீடு மாறும் ரிமோட்தான் வேண்டும். மாறாத குறியீட்டை ஒருவர் பதிவு செய்து திரும்ப அனுப்பினால் கேட் திறந்துவிடும்.

கேள்வி: 500 மீட்டர் எட்டும் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?
- ஓசூர் வாசகர்

பதில்: நான் நம்பி வாங்கியது மாடியிலிருந்து தோட்டத்து விளக்குக்கே எட்டவில்லை. அது திறந்த மைதானத்துக் கணக்கு.

கேள்வி: 2,800 ரூபாய் கொடுத்து நான்கு சுவிட்ச் போர்டு வாங்கினேன். மறுநாளே இரண்டு வேலை செய்யவில்லை. பில் வாங்கவில்லை. என்ன செய்யலாம்?
- திருப்பூர் வாசகர்

பதில்: பில் தராமல் விற்பது 2019 சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் நீங்கள் கேட்கவே இல்லையே! இந்தக் கடிதம் மாதாமாதம் வருகிறது, ஊர் பெயர்தான் மாறுகிறது. ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவோடு போய் இப்போதாவது பில் கேளுங்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க, பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

கேள்வி: போர்டின் ஆன்டெனா ஒயரில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது. பரவாயில்லையா?
- நாகர்கோவில் வாசகி

பதில்: தொடாதீர்கள் அம்மா. விலையைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு, ஒரு கெப்பாசிட்டரை வைத்தே 230 வோல்ட்டைக் குறைக்கும் போர்டு அது. எந்தப் பகுதியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, டிரான்ஸ்ஃபார்மரோடு வரும் போர்டாகப் பார்த்து மாற்றுங்கள். அதுவரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.