ஏசி ஓடுகிறது, புதுக்காற்று வருகிறதா? (கேள்வி பதில்)

கேள்வி: சார், எங்கள் ஆபீஸ் சென்னை ஓ.எம்.ஆரில். மீட்டிங் ரூமில் 24 டிகிரிதான், ஆனாலும் மதியம் எல்லோருக்கும் கண் சொருகுகிறது. ஏன்?

பதில்: குளிர் வேறு, புதுக்காற்று வேறு. சென்ட்ரல் ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் ஏ.ஹெச்.யூ.வில் உள்ள டேம்பர் (திறந்து மூடும் தகடுக் கதவு) வழியாகத்தான் வெளிக்காற்று சேர வேண்டும். அது மூடிக்கிடந்தாலும், வெப்பநிலையை மட்டும் பார்க்கும் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது. வெளியே கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு). பத்துப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினால் 1,500-ஐத் தாண்டுவது சாதாரணம். பயப்படாதீர்கள், அது விஷமாகும் அளவு இல்லை. புதுக்காற்று போதவில்லை என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

கேள்வி: பி.எம்.எஸ். (கட்டடக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் கணினி) திரையில் டேம்பர் 30 சதவீதம் திறந்திருப்பதாகக் காட்டுகிறதே?

பதில்: ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். பல இடங்களில் திரை காட்டுவது கன்ட்ரோலர் அனுப்பிய உத்தரவை மட்டும்தான். நான் போன ஒரு கட்டடத்தில் டேம்பரைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டர் ஒழுங்காகச் சுழன்றது. ஆனால் டேம்பர் தண்டைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்துபோய், தண்டு அசையவே இல்லை. தகடுகளின் இடுக்கில் தூசி அடையாய் ஒட்டியிருந்தது. ஸ்பேனரால் இறுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை அங்கே வேலை செய்தவர்கள் எத்தனை நாள் தலைவலியோடு வீட்டுக்குப் போனார்களோ!

கேள்வி: எங்களுடையது 24 மணி நேர ஷிப்ட். கார்பன் டை ஆக்சைடு சென்சார் ராத்திரி பகல் 450-ஐ ஒட்டியே காட்டுகிறது. நல்லதுதானே?

பதில்: சந்தேகப்படுங்கள். பல சென்சார்கள் சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும். ராத்திரி காலியாகும் ஆபீஸுக்கு அது பொருந்தும். ஆள் குறையாத இடத்தில் 700-ஐயே 400 என்று கணக்கு வைத்துவிடும். அந்த எண்ணை நம்பி பி.எம்.எஸ். டேம்பரை இன்னும் மூடும். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, சென்சாரை வெளிக்காற்றில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் டேம்பரை முழுக்கத் திறந்தே வைத்துவிடலாமா?

பதில்: சென்னையில் வேண்டாம். சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) நின்றிருக்கும் ராத்திரியில் கடற்காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் ஃபால்ஸ் சீலிங்கில் பூஞ்சை பூக்கும்.

கேள்வி: அண்ணா, நான் டொராண்டோவில். ஹீட்டர் போட்டால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது.

பதில்: சமையலிலும் குளியலிலும் எழும் ஈரம் வெளியேறவில்லை, தங்கச்சி. ஹெச்.ஆர்.வி. (பழைய காற்றை வெளியேற்றி, அதன் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் கருவி) இருந்தால் ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள். பனிக்கால வெளிக்காற்று வறண்டது, ஈரத்தை இழுத்துவிடும். முதலில் அதன் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.