தூக்குத் தண்டனைக் கைதிக்கு மனநோய்: கருணை மனுவில் அதை எப்படி எழுப்புவது?

கேள்வி: என் தம்பிக்கு விதித்த மரண தண்டனையை எதிர்த்துப் போட்ட மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மறுஆய்வு மனு போடலாம் என்கிறார் வக்கீல். வழக்குக்கு முன்பே அவன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பான். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாளே என்று கோர்ட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது சிறையில் அவனைப் பார்க்கப் போனால் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்கிறான். சில நாள் என்னையே அடையாளம் தெரிவதில்லை. இதைக் கருணை மனுவில் சொல்லலாமா? மருந்து கொடுத்துத் தெளிந்துவிட்டால் தூக்கில் போட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

- தென் மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: சொல்லலாம், சகோதரி. சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கருணை மனுவில் நான்கு வரி எழுதுவதால் மட்டும் எதுவும் நடக்காது. அந்த நான்கு வரிக்குப் பின்னால் காகிதம் நிற்க வேண்டும். அந்தக் காகிதம் இந்த வாரமே உருவாகத் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "குற்றம் நடந்தபோது புத்தி சுவாதீனம் இல்லை" என்பது ஒரு வாதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவு. அதை நிரூபித்தால் குற்றமே இல்லை என்றாகும். விசாரணையில் எழுப்பாத அந்த வாதத்தை இந்தக் கட்டத்தில் எழுப்பிப் பலன் கிடைப்பது மிக அரிது. உங்களுக்குத் தேவையானது வேறு: தண்டனை பெற்றவர் இன்று கடும் மனநோயாளி, அவரைத் தூக்கிலிடக் கூடாது என்ற வாதம்.

இந்த வாதத்துக்கு ஒரு காலத்தில் நீதிமன்றக் கதவு மூடியே இருந்தது. 1976இல் அம்ரித் பூஷண் குப்தா வழக்கில், சட்டப்படி விதித்த தண்டனையை மனநிலை காரணமாக நீதிமன்றம் நிறுத்த முடியாது, அது அரசு பார்க்க வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. நிலைமை மாறியது 2014 ஜனவரி 21 அன்று. நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, சத்ருகன் சவுகான் வழக்கில் 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பெரும்பாலானோருக்குக் காரணம், கருணை மனு மீது முடிவெடுப்பதில் நேர்ந்த தாமதம். ஆனால் மனநோயும் தனியான காரணம் என்று அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அடுத்த இரண்டே மாதத்தில் டெல்லி குண்டுவெடிப்பு வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற தேவிந்தர் பால் சிங் புல்லரின் தண்டனையும் தாமதம், மனநோய் என்ற இரண்டு காரணங்களால் குறைந்தது.

உங்கள் தம்பிக்கு மிக நெருக்கமானது 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு. 'எதிரி எக்ஸ்' (குற்றம் சாட்டப்பட்டவர் எக்ஸ்) என்றே அந்த வழக்குக்குப் பெயர். மனநோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் இருப்பதால் நீதிமன்றமே அவர் பெயரை மறைத்தது. ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சும் உங்கள் குடும்பத்துக்கு இது முக்கியம். பெயரை மறைக்கும்படி நீங்களும் கேட்கலாம். இரண்டு சிறுமிகளைக் கொன்ற கொடூரமான வழக்கு அது. இருந்தும், தண்டனைக்குப் பிறகு வந்த கடும் மனநோயும் தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம் என்றது நீதிமன்றம். நோயை நிரூபிக்கும் பொறுப்பு கைதியைச் சேர்ந்தது. தனக்கு ஏன் இந்தத் தண்டனை, இதன் பொருள் என்ன என்று புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு நோய் முற்றியிருக்க வேண்டும். மனச்சிதைவு போன்ற கடும் நோய்களைத்தான் மனத்தில் வைத்து நீதிமன்றம் பேசியது. சிறை தரும் மனச்சோர்வையோ தூக்கமின்மையையோ மட்டும் சொன்னால் போதாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த வெற்றி கிடைத்தது மறுஆய்வு மனுவில். எனவே கருணை மனு வரை காத்திருக்காமல் இப்போதே இதை எழுப்பச் சொல்லுங்கள். 2014 முதல் தூக்குத் தண்டனை வழக்குகளில் மறுஆய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்கிறார்கள்.

இனி காகிதம். சிறைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு எழுதுங்கள். தம்பி என்ன சொன்னான், எந்தத் தேதியில் எப்படி நடந்துகொண்டான், எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். "பைத்தியம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாதீர்கள். அரசு மனநல மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்கும்படியும், சிறை மருத்துவமனைக் குறிப்புகளின் நகலைத் தரும்படியும் கேளுங்கள். சிறையில் தம்பியைப் பார்த்து வெளியே வந்ததும் அன்றைய பேச்சை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் வையுங்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. சிறையில் மனநோயாளி யாரும் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும் என்கிறது அது. உங்கள் மனுவின் நகலை அந்த வாரியத்துக்கும் அனுப்பிவிட்டால், அடுத்த சான்றில் கையெழுத்துப் போடும்போது மருத்துவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். கைதியை மனநல மருத்துவமனைக்கு மாற்றவும் அந்தப் பிரிவில் வழி இருக்கிறது.

குணசீலத்தை மறைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாத குடும்பங்களுக்கு இதுதான் பழைய சாட்சியம். எந்த வருஷம், யார் துணைக்கு இருந்தார்கள், அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்களும், வெளியாள் ஒருவரும் பிரமாணப் பத்திரம் கொடுங்கள். வேலை கொடுத்தவரோ பக்கத்து வீட்டுக்காரரோ கொடுத்தால் நல்லது. 2019 வழக்கில் 1994 முதலே அந்தக் கைதிக்கிருந்த மனத்தொந்தரவை ஆவணங்களிலிருந்து நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. சிறுவயதிலிருந்தே படிப்பு ஏறாமல், வயதுக்கேற்ற விவரம் இல்லாமல் இருந்தானா என்பதையும் யோசித்துப் பாருங்கள். அது மனநோய் அல்ல, அறிவுத்திறன் குறைபாடு. அதற்குப் பரிசோதனை வேறு. சிங்கப்பூரில் மலேசியத் தமிழர் நாகேந்திரனின் அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தும் 2022 ஏப்ரல் 27 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தச் செய்தியை இன்றும் என்னால் ஆறுதலாக நினைக்க முடியவில்லை.

அடுத்து, காலக்கெடு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவுப்படி, மேல்முறையீடோ மறுஆய்வோ தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதிக்குத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளில் கருணை மனு போட வேண்டும். கைதிதான் போட வேண்டும் என்றில்லை. உறவினரும் போடலாம் என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போடும் தெளிவுகூட அவனுக்கு இல்லையென்றால் நீங்கள் போடுங்கள். முதலில் ஆளுநருக்கு. அவர் அமைச்சரவை ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்று பேரறிவாளன் வழக்கில் 2022இல் தீர்ப்பாகிவிட்டதால், உங்கள் மனுவை உண்மையில் எடைபோடப்போவது மாநில அரசு. எனவே உள்துறைச் செயலாளருக்கும் மருத்துவ ஆவணங்களோடு நகல் அனுப்புங்கள். ஆளுநர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. மறுஆய்வு மனு நிலுவையில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காமல், கருணை மனுவைத் தயாராக வைத்திருங்கள்.

கடைசி நிமிடத்தில் மட்டும் மனநோயை எழுப்பினால் என்னாகும் என்பதற்கு டெல்லி நிர்பயா வழக்கு இருக்கிறது. தூக்குத் தேதி நெருங்கிய 2020 பிப்ரவரியில் ஒரு கைதி அந்த வாதத்தை வைத்தார். மருத்துவ அறிக்கை அவர் நலமாக இருப்பதாகச் சொன்னது, மனு தள்ளுபடி. மார்ச் 20 அன்று தண்டனை நிறைவேறியது.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நோயாளியாகவே இருந்தால் உயிர் தப்பும், தெளிந்தால் கயிறு என்று ஒரு அக்காவை யோசிக்கவைக்கும் நிலை கொடுமையானது. ஆனாலும் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், மருந்து வேண்டாம் என்று அவனையும் தூண்டாதீர்கள். சாப்பாட்டில் விஷம் என்று நம்புகிறவன் பட்டினியால் சாகலாம், தன்னையே மாய்த்துக்கொள்ளலாம். சட்டக் கோணத்திலும் சிகிச்சை உங்களுக்கு எதிரி அல்ல. எந்த மருந்து, எத்தனை காலம், நிறுத்தினால் என்ன ஆகிறது என்ற பதிவுதான் நோயின் கடுமைக்கு வலுவான சான்று. புல்லர் டெல்லி மனநல மருத்துவமனையில் நீண்ட காலம் சிகிச்சையில் இருந்தவர். அங்கிருந்து வந்த மருத்துவ அறிக்கைதான் அவர் வழக்கில் எடுபட்டது.

தண்டனை குறைந்தால் அவன் வீட்டுக்கு வருவான் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 2019 வழக்கில் எஞ்சிய வாழ்நாள் முழுதும் சிறை என்றுதான் தீர்ப்பு. கூடவே, தகுந்த சிகிச்சை தர அரசுக்கு உத்தரவு.

குடியரசுத் தலைவரும் நிராகரித்துவிட்டால் அந்த முடிவை எழுத்தில் கேளுங்கள். அதன்பின் தூக்குக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும், அதற்குமுன் உடல், மன நிலையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது 2014 தீர்ப்பின் கட்டளை. ஆளுநர், குடியரசுத் தலைவர் முடிவைப் பற்றி நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று 472ஆம் பிரிவு எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அரசியல் சாசனம் தந்த ரிட் உரிமையை, அதாவது அரசின் முடிவை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகும் உரிமையைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். போகும்போது தீர்ப்பு நகலையும் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.