உடலைச் சூடாக்கும் கொழுப்பு: பழுப்புச் செல்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கொழுப்பு என்றால் சேமிப்பு என்றுதான் பள்ளியில் படித்தோம். கொழுப்பே சக்தியை எரிக்கும் என்கிறார்களே, எப்படி?

பதில்: நீங்கள் படித்தது வெள்ளைக் கொழுப்பைப் பற்றி. அந்தச் செல்லில் ஒரே ஒரு பெரிய கொழுப்புத் துளி ஏறக்குறைய முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். பழுப்புக் கொழுப்புச் செல்லில் துளிகள் சிறியவை, ஆனால் பல. அவற்றின் இடையே, செல்லுக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்டிரியாக்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். அவற்றிலுள்ள இரும்பு கலந்த புரதங்களால்தான் அந்தப் பழுப்பு நிறம்.

மற்ற செல்களில் மைட்டோகாண்டிரியா உணவை எரித்துத் தன் உள்சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்கள் என்ற நேர்மின் துகள்களைத் தேக்குகிறது. அணையின் நீர் சுழலி வழியே இறங்கி மின்சாரம் தருவதுபோல, அவை திரும்பிப் பாயும்போது, செல் தன் வேலைகளுக்குச் சக்தியாகப் பயன்படுத்தும் ஏடிபி என்ற மூலக்கூறு உருவாகிறது. பழுப்புச் செல்லிலோ யுசிபி-1 என்ற புரதம் தனியாக ஒரு மதகைத் திறந்துவிடுகிறது. அதன் வழியே பாயும் புரோட்டான்கள் ஏடிபி எதையும் தருவதில்லை. அந்தச் சக்தி வெப்பமாகவே வெளிப்படுகிறது. தேங்கியது வடிந்துகொண்டே இருப்பதால், செல் மேலும் மேலும் எரித்தாக வேண்டும்.

கேள்வி: வெள்ளைச் செல்தான் நிறம் மாறிப் பழுப்பாகிறதா, அல்லது பிறப்பே வேறா?

பதில்: இரண்டும் உண்டு. இந்தத் துறையிலேயே என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே கருவிலேயே உருவாகும் பழுப்புச் செல்களுக்கு நெருங்கிய உறவு வெள்ளைக் கொழுப்பு அல்ல, தசை! இரண்டும் பொதுவான முன்னோடிச் செல்களிலிருந்து பிரிகின்றன. எந்தப் பக்கம் போவது என்பதில் பிஆர்டிஎம்-16 என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க உயிரியலாளர் புரூஸ் ஸ்பீகல்மேனின் ஆய்வுக்குழு 2008இல் இதைக் காட்டியது. பழுப்புச் செல்லாக வேண்டிய முன்னோடிகளில் இந்தப் புரதத்தைக் குறைத்தபோது அவை தசைச் செல்களாயின. தசையாக வேண்டியவற்றில் அதைச் சேர்த்தபோது பழுப்புக் கொழுப்பாயின. ஒரு செல்லின் எதிர்காலம் இவ்வளவு நுட்பமான ஒரு முடிவில் தங்கியிருப்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

இன்னொரு வகை, வெள்ளைக் கொழுப்பின் நடுவே ஆங்காங்கே தோன்றும் 'பெய்ஜ்' (வெளிர்பழுப்பு) செல்கள். சாதாரண நேரத்தில் இவற்றில் யுசிபி-1 மிகக் குறைவு. குளிர் நீடித்தால் அது பெருகுகிறது. புதிய முன்னோடிகள் முதிர்ந்து பெய்ஜ் செல்களாவதும், ஏற்கெனவே இருக்கும் வெள்ளைச் செல்களே அப்படி மாறுவதும் எலிகளில் காணப்பட்டுள்ளன.

கேள்வி: குளிர்கிறது என்று ஒரு கொழுப்புச் செல்லுக்கு எப்படித் தெரியும்?

பதில்: பெரும்பாலும் நரம்பு வழியாகத்தான். தோலில் உணரப்படும் குளிர் மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமசை எட்டுகிறது. அங்கிருந்து, நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் வழியே கட்டளை இறங்கி, நரம்பு முனையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது செல்லின் மேலுள்ள ஏற்பியை (சமிக்ஞையை வாங்கும் புரதத்தை) தொட்டதும் சேமித்த கொழுப்பு உடைகிறது. வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் எரிபொருளாவதோடு யுசிபி-1ஐ இயக்கவும் செய்கின்றன. அதே சமிக்ஞை பிஜிசி-1 ஆல்பா என்ற புரதத்தைத் தூண்டி, புதிய மைட்டோகாண்டிரியாக்கள் பெருக வழிசெய்கிறது. சமிக்ஞை நின்றுபோனால் பெய்ஜ் செல்கள் மைட்டோகாண்டிரியாக்களை இழந்து மீண்டும் வெள்ளைச் செல்கள் போலாகிவிடும். ஒருமுறை உருவாக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: இது குழந்தைகளுக்கு மட்டும்தான் இருக்கும் என்கிறாரே என் நண்பர்?

பதில்: நெடுங்காலம் மருத்துவர்களும் அப்படித்தான் கருதினார்கள். பிறந்த குழந்தையால் நன்றாக நடுங்க முடியாது. அதன் உடலைச் சூடாக வைத்திருப்பதில் பழுப்புக் கொழுப்புக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் 2009இல் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்த மூன்று ஆய்வுகள், பெரியவர்களிடமும் அது இயங்குவதை, திசுக்கள் சர்க்கரையை உறிஞ்சுவதைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேன் மூலம் உறுதிசெய்தன. கழுத்திலும், காறை எலும்புக்கு மேலும், முதுகெலும்பை ஒட்டியும் அது இருக்கிறது.

கேள்வி: எல்லாப் பாலூட்டிகளுக்கும் உண்டா?

பதில்: இல்லை. பன்றிகளிடம் இயங்கும் யுசிபி-1 கிடையாது. அவற்றின் குட்டிகள் நடுங்கித்தான் சூடேற்றிக்கொள்கின்றன.

கேள்வி: குளிரில் இருந்தால் எடை குறையுமா? தினமும் குளிர்ந்த நீரில் குளிக்கிறேன்.

பதில்: ஜப்பானில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் ஆறு வாரங்கள் தினமும் 2 மணி நேரம் 17 டிகிரி செல்சியஸில் இருந்தார்கள். பழுப்புக் கொழுப்பின் செயல்பாடு கூடியது, உடல் கொழுப்பும் சற்றுக் குறைந்தது. சற்று என்ற சொல்லைக் கவனியுங்கள். சில நிமிடக் குளியலை இதனோடு ஒப்பிட முடியாது. குளிர் பசியையும் தூண்டும். எரித்ததைச் சாப்பாட்டிலேயே திரும்ப எடுத்துக்கொள்வது மிக எளிது. எடைக்காக மட்டும் என்றால் இதை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொரு தகவல் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 52,000க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கொழுப்பு தென்பட்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவும் சில இதய நோய்களும் குறைவாக இருந்தன. அதுதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எடை எந்திரம் காட்டாத நன்மைகள் இருக்கக்கூடும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: இதே வேலையைச் செய்யும் மாத்திரை இணையத்தில் விற்கிறது. வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். டிஎன்பி (டைநைட்ரோபீனால்) என்ற வேதிப்பொருளைத்தான் சொல்கிறீர்கள் என்றால் அது உயிரைக் குடிக்கும். 1930களில் எடை குறைக்கும் மருந்தாகவே விற்றார்கள். கண்புரையும் மரணங்களும் நிகழ்ந்த பின், 1938இல் அமெரிக்காவில் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. யுசிபி-1 பழுப்பு, பெய்ஜ் செல்களில் மட்டும், நரம்பு கேட்கும்போது மட்டும் திறக்கும். டிஎன்பி உடலின் எல்லாச் செல்களிலும் ஒரேயடியாக மைட்டோகாண்டிரியாவின் சவ்வை ஓட்டையாக்கிவிடும். உடல்சூடு கட்டுக்கடங்காமல் ஏறும்; அதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. கையில் வைத்திருந்தால் இன்றே ஒரு மருந்தாளுநரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 60 வயது, இரத்த அழுத்தமும் உண்டு. இனிமேல் பழுப்புக் கொழுப்பை வளர்க்க முடியுமா?

பதில்: வயது ஏற ஏற அது குறைவது உண்மை. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது இரத்த அழுத்தத்தை. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே குளிர்ப் பயிற்சி எதையும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள், ஐயா. நடைப்பயிற்சியையும் மாத்திரைகளையும் விடாமல் தொடருங்கள்.