சர்க்கரை, கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு கொடம்புளி கேப்சூல் சாப்பிடலாமா?

வேண்டாம். உங்கள் பட்டியலைப் பார்த்த பிறகு சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின், மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம். மூன்றும் தினமும் ஓடுகிறது. இதோடு எடை குறைய கார்சினியா கேம்போஜியா கேப்சூலும் போடலாமா, "மீன் குழம்பில் போடுகிற கொடம்புளிதானே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே புளிதான், மறுக்கவில்லை. நான் மருந்துக்கடையில் நிற்கிறவன், ஊர் குமரி மாவட்டம். எங்கள் பக்கம் அயிலைக் குழம்புக்கு அதைப் போட்டால் தனி ருசி. ஆனால் குழம்பில் நாலு துண்டு போட்டு வீடே பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம், அதுவும் மீன் வாங்குகிற நாளில் மட்டும். கேப்சூலில் இருப்பது அந்தப் பழத்தின் தோலிலிருந்து பிரித்தெடுத்த ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம். அதைச் சாப்பாட்டுக்கு முன்பு, தினம் இரண்டு மூன்று வேளை, மாதக்கணக்கில் ஒரே ஆள் விழுங்குகிறார். குழம்பு ஒத்துக்கொண்டது என்பதற்காக இதுவும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் பயம் எஸ்சிடலோபிராம்தான். அந்த மாத்திரை மூளையில் செரட்டோனின் என்ற, மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருளைக் கூட்டுகிறது. கார்சினியாவும் அதே திசையில் இழுக்கக்கூடும் என்று எலி மூளைத் திசுவில் பார்த்திருக்கிறார்கள். இந்த வகை மருந்தோடு கார்சினியாவும் எடுத்த ஒரு பெண்ணுக்கு செரட்டோனின் அளவுமீறி உடம்பைக் கெடுக்கும் நச்சுநிலை வந்தது 2014இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தசை விறைப்பு, குழப்பம் என்று ஆரம்பிக்கும். இதைப் படித்துவிட்டு எஸ்சிடலோபிராமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது கேப்சூலை.

கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். எடை குறைக்கிறேன் என்று சாதத்தைப் பாதியாக்கி, மேலே இதையும் போட்டால் தாழ்சர்க்கரை வருவதற்கு வழி திறந்துவிடும். அடோர்வாஸ்டாடின் கல்லீரல் வழியாகப் போகிற மருந்து. சிலருக்கு அதுவே கல்லீரல் என்சைமை ஏற்றும், தசை வலி தரும். அந்த நேரத்தில் கார்சினியாவும் உள்ளே இருந்தால் எது காரணம் என்று உங்கள் டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாது.

கல்லீரல் விஷயம் வெறும் வதந்தி இல்லை. மருந்தால் கல்லீரல் கெடுவதைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று கார்சினியாவோடு தொடர்புடைய 22 பேரின் பாதிப்பை 2022இல் எழுதியது; அவர்களில் பெரும்பாலோர் சாப்பிட்டது கிரீன் டீ சாறும் கலந்த சரக்கு. ஹெச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. அது உங்களுக்கு இருக்கிறதா என்று இங்கே யாரும் பார்த்துவிட்டுக் கேப்சூல் விற்பதில்லை. பிரான்ஸ் 2012லேயே இதை மருந்துக் கலவைகளில் சேர்க்கத் தடை போட்டது.

இதில் ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. கல்லீரல் வீங்கும்போது முதலில் குறைவது பசி. சாப்பிடுகிறவரோ "பசி அடங்கிவிட்டது, கேப்சூல் வேலை செய்கிறது" என்று சந்தோஷமாக அடுத்த டப்பா வாங்குவார். கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகும்போதுதான் டாக்டரிடம் ஓடுவார்.

சரி, எடையாவது குறைகிறதா? 1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். கார்சினியா எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ. இரு பக்கமும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது! கொழுப்பு உருவாக உதவும் ஒரு என்சைமை இந்த அமிலம் தடுப்பது சோதனைக் குழாயில் உண்மைதான். அதே என்சைமைக் குறிவைத்து பெம்பிடோயிக் ஆசிட் என்ற கொலஸ்ட்ரால் மருந்தே வந்திருக்கிறது. ஆனால் அது அளவு நிர்ணயித்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து வந்த மருந்து.

டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதே என்பீர்கள். அது உணவுப் பொருள் தயாரிப்பாளருக்கான உரிமம். உங்கள் மாத்திரைகளோடு சேருமா என்று யாரும் சோதித்த முத்திரை அல்ல. தவிர, எடைக் குறைப்புச் சரக்குகளில் சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்தை ஒளித்துக் கலந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இந்தியா அதை 2011இல் தடை செய்தது. உங்கள் எஸ்சிடலோபிராமோடு சேரவே கூடாத மருந்து அது.

ஏற்கெனவே கொஞ்ச நாள் சாப்பிட்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் எல்எஃப்டி ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையே கையில் கொண்டு போங்கள். "ஏதோ மூலிகை மாத்திரை" என்று வாயால் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பின்பக்க லேபிளில் கிரீன் டீ சாறு இருந்தால் அதையும் காட்டுங்கள். கண் மஞ்சள், அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் உடனே போய்விடுங்கள்.